தோல் உரிக்கும் வைபவம்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலத்தைக் கைதூக்கிவிட்டது கும்குவாட் பழம்தான் என்பதில் தலைமை எழுத்தருக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. சந்தேகப்பட்டவர்கள் எல்லோரும் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள்.

இயக்குநர் வெளிநாடு போய்த் திரும்பும்போது தொட்டியோடு கொண்டுவந்த செடி அது. லிஃப்டுக்குப் பக்கத்தில், காலியாகக் கிடந்த மேலாளர் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார்கள். கட்டைவிரல் பருமனுக்குக் குட்டிக் குட்டி ஆரஞ்சு. பெயரை நாக்கு சுளுக்காமல் சொல்வதற்கென்றே ஒரு "பயிலரங்கு" நடந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் இயக்குநர் ஒரு பழத்தை எடுப்பார். நகத்தால் தோலைக் கிள்ளி உரித்துக் கூடையில் போடுவார். சுளையை வாயில் இட்டு, "ஆகா!" என்பார். மொத்த அலுவலகமும் உரித்துத் தின்று "ஆகா!" என்னும். அடேயப்பா, என்ன புளிப்பு! பல் கூசும், கண்ணில் நீர் கொட்டும். அதை "ஆனந்தக் கண்ணீர்" என்று கூட்டக் குறிப்பில் ஏற்றியது தலைமை எழுத்தரின் சொந்தச் சரக்கு.

ஒருநாள் ஆளில்லாத நேரத்தில், உரிக்கச் சோம்பல்பட்டு ஒன்றை அப்படியே கடித்த தலைமை எழுத்தர் திடுக்கிட்டார். தோல்தான் தேனாக இனித்தது! பதவி உயர்வு வாசல்வரை வந்து நிற்கிற சமயத்தில் இப்படி ஒரு ஞானோதயமா? வாயைத் துடைத்துக்கொண்டார். ஆனால் ரகசியம் தாங்காமல் வயிறு உப்பியது. தன் சிபாரிசில் அங்கே தற்காலிக வேலை பார்த்த மச்சினனிடம் மட்டும் சொல்லித் தொலைத்தார்.

அடுத்த கூட்டத்திலேயே அந்தப் பிள்ளை எழுந்தான்.

"சார், இதத் தோலோட சாப்பிடணும் சார். அதுதான் இனிப்பு. மாமாவே சாப்பிட்டுப் பாத்தாரு!"

இயக்குநர் நிதானமாகத் தலைமை எழுத்தர் பக்கம் திரும்பினார்.

"அப்படியாய்யா?"

"அய்யய்யோ, இல்ல சார்! இவன் சும்மா உளறுறான்."

"மாமா! நீங்கதான சொன்னீங்க?"

"யாருடா மாமா? ஆபீஸ்ல என்ன மாமா?"

மாலைக்குள் மச்சினனுக்கு வேலை போயிற்று. 'அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அதற்குள் தலைமை எழுத்தரை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

மேசைமேல் அவரை மேலாளராக்கும் பதவி உயர்வு உத்தரவு. இயக்குநரோ ஒரு பழத்தைத் தோலோடு வாயில் போட்டு ரசித்து மென்றுகொண்டிருந்தார்.

"என்னய்யா முழிக்கிற? தோல்தான் இனிப்புன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப... என் மச்சினன் சொன்னது..."

"நெசம்தான். அப்படி நெசம் பேசுறவன வெச்சுக்கிட்டு நான் எப்படிய்யா ஆபீஸ் நடத்துறது? இந்தா, நீயும் ஒண்ணு எடுத்துக்க. இங்க யாரும் இல்ல, தோலோடவே சாப்பிடு."

"தோலெல்லாம் நீங்க சாப்பிடணும் சார்" என்றார் புது மேலாளர். பழத்தை இரண்டு கையாலும் வாங்கி, பயபக்தியோடு தோலை உரிக்கலானார்.