மடிப்புக்காரரும் காணாமல் போன ‘ப்பு’வும்

காஞ்சிபுரத்தில் மடிக்க முடியாத பொருள் என்று ஒன்று இருந்ததென்றால், அது மடிப்புக்காரர் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் அவருக்கு வேலை. கல்யாண வீட்டார் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளைத் திரும்ப மடித்து அடுக்க வேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவருக்கு ஞாபகம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

மனிதரின் கை ஒரு நிமிடம் சும்மா இருக்காது. ஒருமுறை தாமலுக்கு இருவரும் பஸ்ஸில் போனோம். பாதி வழியில் பரிசோதகர் ஏறினார். மடிப்புக்காரர் உள்ளங்கையை நீட்டினார். அதில் இரண்டு தவளைகள் உட்கார்ந்திருந்தன. ஒன்று அவர் டிக்கெட், இன்னொன்று என்னுடையது.

“இன்னாய்யா இது?”

“டிக்கெட்டுதான் சார். பின்னால அமுத்திப் பாருங்க, குதிக்கும்.”

பரிசோதகர் அமுத்தினார். இரண்டும் குதித்தன, ஜன்னலுக்கு வெளியே. அடுத்த நிமிடம் நாங்களும் வெளியே. மிச்ச தூரத்தை நடந்தே கடந்தோம். வழிநெடுக நான் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் கீழே கிடந்த பீடிக்கட்டுக் காகிதத்தைப் பொறுக்கி மடித்துக்கொண்டே வந்தார்.

இது அறுபதுகளின் கடைசி. எங்கள் தெரு வாசகசாலைக்கு நான்தான் காரியதரிசி. ஞாயிறு காலையில் அங்கே சிறுவர் மன்றம் நடக்கும். சேர்ந்து செய்வோம், பொய் சொல்ல மாட்டோம், எதையும் பாழாக்க மாட்டோம் என்று பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து உறுதிமொழி சொல்ல வைப்பேன். பிள்ளைகள் கொட்டாவி விடும். உண்மையைச் சொன்னால் நானும் விடுவேன்.

“வாயால சொன்னா ஏறாதுபா, கையில குடு” என்று மடிப்புக்காரர் உள்ளே நுழைந்தார். அவர் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே தாள். ஒருவர் பிடிக்க, மற்றவர் மடிக்க வேண்டும். மூலைக்கு மூலை சேராவிட்டால் அது பொய். கிழித்தால் மகா பாவம். தப்பாக மடித்தால் பிரித்து மறுபடி மடிக்கலாம். “பழைய கோடு தெரியும். தெரியட்டுமே, இன்னா இப்ப?” என்பார். ஒரே மாதத்தில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் தவளையும் படகுமாகத் திரிந்தன.

சின்ன காஞ்சிபுரம் பிள்ளைகளும் வந்தால் நன்றாயிருக்குமே என்று எனக்கு ஆசை வந்தது. பெரிய பழுப்புத் தாளில் மேலே கொட்டை எழுத்தில் ‘மடிப்பு’ என்றும், கீழே சின்னதாக ‘வகுப்பு’ என்றும் சிவப்பு மையில் எழுதினேன். வாசல் பலகையில் மாட்டிவிட்டு மாமியார் ஊருக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நேராகப் பஸ் நிலையத்திலிருந்து வந்து பின்வாசல் வழியாக நுழைந்தால், பிள்ளைகள் தாளும் கையுமாகச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். வேதா என்று ஏழு வயதுப் பெண், ஈரப் பாவாடை சொட்டச் சொட்ட நின்றிருந்தாள். பக்கத்தில், சின்ன காஞ்சிபுரம் கோயில் மாட வீதியிலிருந்து வந்த அவள் தாத்தா. பஞ்சகச்சம், பன்னிரண்டு நாமம், முகத்தில் அக்கினி. அவளுக்கு ஜோடியாகத் தாளை நீட்டிய ஏழுமலையைப் பார்த்து அவர் “தொடாதே!” என்று கத்தியிருக்கிறார். பையன் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறான்.

“மடி சொல்லித் தரான்னு போர்டு போட்டுட்டு, ஒரே காகிதத்தை ரெண்டு பேரைத் தொடச் சொல்றேளே! என்ன அக்கிரமம் இது?” என்றார் என்னைப் பார்த்து. குளித்து ஈரத்துணியோடு யாரையும் தொடாமல் இருக்கும் ஆசார மடிக்கும் எங்கள் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அதற்குள் ஏழுமலையின் அப்பா அவனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பத்துத் தறி வைத்திருப்பவர். வாசகசாலைக் கட்டடமே அவருடையது. வாடகை வாங்காமல் விட்டிருந்தார். கையில் பூட்டு.

“என் கட்டடத்துல மடி வகுப்பா? யாரைத் தொடக் கூடாதுன்னு என் புள்ளைக்கே பாடம் நடத்துறீங்களா? எல்லாரும் வெளிய வாங்க. இன்னியோட மூடியாச்சு.”

பிள்ளைகள் கையில் பாதி மடித்த தாள்களோடு வாசலுக்கு வந்தார்கள். இனி அந்தக் கதவு திறக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தறிக்காரர் போஸ்டரைக் கிழிக்கக் கையை ஓங்கினார்.

“கிழிக்காதீங்க!” என்று மடிப்புக்காரர் அலறினார்.

“கிழிக்கக் கூடாது!” என்று இருபது பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. மடிப்புக்காரர் ஆணிகளைப் பிடுங்கி, போஸ்டரின் ஒரு முனையைத் தறிக்காரரிடமும், “கொஞ்சம் புடிங்க சாமி” என்று மறுமுனையைத் தாத்தாவிடமும் கொடுத்தார். இழுத்துப் பிடித்ததும் தாத்தா பக்கம் பின்னால் மடங்கியிருந்த ஓரம் படக்கென்று விரிந்தது. வேதா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“ம... டி... ப்... பு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மடிப்புக்காரரைப் பார்த்தேன். அவர் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார்.

“பலகைக்கு வெளிய ஓரம் தொங்கிக்கினு இருந்துச்சுபா. பார்க்க சகிக்கல. நான்தான் நகத்தால நீவி மடிச்சு வுட்டேன். தப்பு என்னுதுதான்.”

தறிக்காரர் சிரிக்கவில்லை. பூட்டு அவர் அக்குளில் இருந்தது. “இப்ப இத இன்னா பண்றது?” என்றார்.

“மடிங்க.”

எங்கள் ஊரில் நீளமான எதையும் இரண்டு பேர் எதிரெதிரே பிடித்துவிட்டால், கால் தானாக நடக்கும். முனையும் முனையும் சேரும்வரை ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தாக வேண்டும். புடவை மடிக்கும் வழக்கம் அது. தறிக்காரர் பழக்க தோஷத்தில் நாலடி வந்துவிட்டார். தாத்தா நின்ற இடத்திலேயே நின்றார்.

“தாத்தா, மூலைக்கு மூலை சேரலேன்னா பொய்யாம். இங்கே சொல்லிக் கொடுத்தா” என்றாள் வேதா.

தாத்தா கண்ணை மூடிக்கொண்டு ஓரடி வைத்தார். பிறகு இன்னோரடி. மூலை மூலையோடு சேர்ந்தது. விரல் விரலைத் தொட்டது.

“ஆத்துக்குப் போய் இன்னொரு தரம் ஸ்நானம் பண்ணணும்” என்று முனகினார்.

“பண்ணுங்க சாமி. அடுத்த ஞாயித்துக்கிழமையும் கொழந்தைய இட்டாந்து வுடுங்க” என்றார் தறிக்காரர். பூட்டை ஏழுமலையிடம் கொடுத்து வீட்டில் வைக்கச் சொன்னார். அடுத்த ஞாயிறு தாத்தாவே வேதாவை அழைத்து வந்தார். ஈரப் பாவாடை இல்லாமல்.

புதுப் போஸ்டர் எழுதுகிறேன் என்றேன். மடிப்புக்காரர் விடவில்லை. அதே போஸ்டரைச் சுவரில் அகலமாக ஒட்டச் சொன்னார். ‘டி’க்கும் ‘ப்பு’வுக்கும் நடுவே அந்தக் கோடு கடைசிவரை தெரிந்தது.

மடிப்புக்காரர் இல்லாத இப்போதும் தாமல் பஸ்ஸில் ஏறினால், மடிக்கச் சொல்லி டிக்கெட்டைப் பக்கத்து இருக்கைப் பக்கம் நீட்டிவிடலாமா என்று கை பரபரக்கிறது. குதித்துப் போனால் போகட்டும். அவர் கூட வருவதானால் தாமல் வரைக்கும் நடப்பேன், திட்டாமல்.