பஸ்தியாம்பிள்ளையின் ஸ்கொட்லாந்துப் பூட்டன்

வாசகரே, உயிரோடிருக்கும் சொந்தங்களோடு கதைக்காமல், செத்து மண்ணாய்ப் போனவர்களைத் தேடித் திரியும் ஓர் இனம் உண்டு. மூதாதை தேடிகள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இவர்களைக் காண நீங்கள் எங்கும் அலையத் தேவையில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோப்பி ஊற்றும் இடத்தில் நின்றால் போதும், தாங்களாகவே வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் இந்த இனத்தின் நன்கு முற்றிய உருப்படி பஸ்தியாம்பிள்ளை. மன்னாரில் பிறந்து, இங்கே தொழிற்சாலையில் உழைத்து, பென்சன் எடுத்த கையோடு தன் உடம்பில் ஸ்கொட்லாந்து இரத்தம் ஓடுவதைக் கண்டுபிடித்தவர். ஆதாரமா? பெரியப்பாவுக்குச் செம்பட்டை மயிர். தமக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. இது போதாதா? போதாது என்று வாய் திறந்தவர்கள் இரண்டாவது கோப்பியும் குடிக்கவேண்டி வரும்.

மன்னார்ப் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி அங்குள்ள சுவாமியாரை அரித்தெடுத்தார். படம் வந்தது. அதில் தன் தகப்பனைப் பெற்ற அப்பாச்சியின் பதிவைக் கண்டார். பிள்ளை அன்னம்மா, தாய் மரியாள், தகப்பன் தெரியாது. வேறு யாராவதென்றால் அத்தோடு வாயை மூடியிருப்பார்கள். நம்மவருக்கோ, தெரியாத தகப்பன் என்றால் அது முத்துக்குளிப்பை மேற்பார்க்க வந்த வில்லியம் பிரேசர் துரையைத் தவிர வேறு யாராகவும் இருக்க முடியாது. ஸ்கொட்லாந்துக் கோயில்களின் பதிவேடுகளைக் கணினியில் துழாவினார். ஊருக்கு நாலு வில்லியம் பிரேசர் இருந்தான். ஆடு திருடி மறியலுக்குப் போனவனைத் தள்ளினார். குடிவெறியில் பாதிரியாருக்கு அடிக்கப் போனவனையும் தள்ளினார். பெரிய பண்ணைக்காரரின் மகன் ஒருவன் அகப்பட்டான். அவனைப் பூட்டனாக ஏற்றுக்கொண்டார்.

"அந்தத் துரை மரியாளைக் கட்டினவரோ?" என்று கேட்டாள் மனைவி றோஸ்.

"மனசு ஒத்து இருந்திருக்கினம். அதையெல்லாம் நாங்கள் பெரிசாப் பாக்கக்கூடாது."

எவ்வளவு பரந்த மனம், பாருங்கள். இவருடைய ஒரே மகள் ஜெசிக்கா பக்கத்து நகரான கோல்டிங்கில் ராஸ்முஸ் என்ற டேனிஷ் பெடியனோடு கலியாணம் கட்டாமல் குடியிருக்கிறாள். பிள்ளையும் பிறந்துவிட்டது. பஸ்தியாம்பிள்ளை இன்னும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. மனசு ஒத்து இருக்கும் சலுகை துரைமாருக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

போன கிழமை மகள் தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, வாற ஞாயிறு பிள்ளைக்கு ஞானஸ்நானம். நீங்கள் கட்டாயம் வரவேணும்."

"முதல் கலியாணத்தைக் கட்டிப்போட்டுக் கூப்பிடு, வாறன். நாலு சனத்துக்கு முகம் குடுக்க வேண்டாமோ?"



"அப்பா, அண்டைக்கு இந்தப் பிள்ளையின்ர தகப்பன் கோயில்ல நிப்பான். அவன்ர பேரை எழுதுவினம். உங்கட துரை அதுகூடச் செய்யேல்லை."

ஞாயிறு றோஸ் தனியாக ரயிலேறிப் போனாள். பஸ்தியாம்பிள்ளை வீட்டிலிருந்து, பிரேசரின் தாய்க்கு எத்தனை சகோதரிகள் என்று பார்த்து, எல்லோர் பெயரையும் பாடமாக்கினார். பின்னேரம் றோஸ் திரும்பி வந்தாள். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்க அவருக்கு வாய்வரை வந்தது. கேட்டால் தோற்றதாகிவிடுமே. கேட்கவில்லை. றோஸும் சொல்லவில்லை.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வம்சத்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆளைத் தெரிந்திருந்தும் யாருடைய பெயரை எழுதாமல் விடுகிறீர்களோ, அவருக்கு முன்னால் போய் நின்று மிச்சத்தைச் சிரியுங்கள்.