மாமனார் கொடுத்த ஏசி

"சார், இது செத்துடுச்சு," என்றார் மெக்கானிக், ஸ்டூலின் மேல் நின்றபடியே.

மாப்பிள்ளை அவசரமாகக் காலண்டரைப் பார்த்தார். தலை நரைத்து, தொப்பை விழுந்து, ஆபீசில் நாற்பது பேரை மேய்க்கிற ஆள்தான். ஆனாலும் மாமனாருக்கு அவர் இன்னும் மாப்பிள்ளை. அந்த மாமனார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இன்று புதன். செத்துக் கிடப்பது அவர் கொடுத்த ஏசி.

"புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்க சார்."

"புதுசு வாங்கினா, நான் குடியிருக்க வேற வீடும் பாக்கணும்ப்பா."

மிகையில்லை. பதினாலு வருஷமாக எந்தச் சண்டை வந்தாலும் மனைவி கடைசியில் அந்த ஏசியைத்தான் காட்டுவாள். "எங்கப்பா குடுத்தது. இன்னும் கல்லு மாதிரி இருக்கு. நீங்க வாங்கின வாஷிங் மெஷின் எங்க?" அது எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தது.

அவள் வேலையிலிருந்து திரும்புவதற்குள் கப்பாசிட்டரை மாற்றினார்கள். ஏசி ஒரு மணி நேரம் ஓடி, கம்ப்ரஸரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

வியாழக்கிழமை லீவு போட்டுப் புதுக் கம்ப்ரஸர் போட்டார். அதன் வேகம் தாங்காமல் பழைய செம்புக் குழாய் மூன்று இடத்தில் கசிந்தது. குழாயை மாற்றியதும் ஃபேன் மோட்டார் நின்றது. மோட்டாரை மாற்றியதும் போர்டு புகைந்தது. புதுப் போர்டு பழைய ரிமோட்டை மதிக்கவேயில்லை. புது ரிமோட் வாங்கி, பழையதில் இருந்த ரப்பர் பேண்டைச் சுற்றி, கொஞ்சம் அழுக்கையும் தடவி வைத்தார்.

சாயங்காலம் மனைவி கட்டிலில் சாய்ந்தாள்.

"என்னங்க, கடகடன்னு ஒரு சத்தம் வருமே, காணோம்?"

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? எங்கப்பா குறட்டை மாதிரியே இருக்கும்."

வெள்ளிக்கிழமை மெக்கானிக்கிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏம்ப்பா, கொஞ்சம் சத்தம் வர்ற மாதிரி பண்ண முடியுமா?"

"சத்தத்த நிறுத்தத்தான் சார் எல்லாரும் கூப்பிடுவாங்க."

இருந்தாலும் உள்ளே ஒரு ஸ்குரூவைத் தளர்த்திவிட்டார். அருமையாகக் கடகடத்தது. சனிக்கிழமை காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பியதும் அந்த ஸ்குரூ கழன்று ஃபேனுக்குள் விழுந்து, உள்ளே இருந்த அத்தனையையும் துவம்சம் செய்தது.

"எல்லாத்தயும் மாத்திடு. மிச்சம் என்னதான்ப்பா இருக்கு?"

"மூடி சார்."

சாயங்காலத்துக்குள் புது மெஷினைச் சுவரில் மாட்டி, அதன் முகத்தில் பழைய மூடியை வைத்தார்கள். பொருந்தவில்லை. நாலு பக்கமும் டேப் ஒட்டினார்கள். "யாரும் தொடாத வரைக்கும் நிக்கும்," என்று சொல்லிவிட்டு மெக்கானிக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கிய மாமனார், பையைக்கூட வைக்காமல் நேரே படுக்கையறைக்குப் போய் ஏசிக்குக் கீழே நின்றார்.

"பாத்தீங்களாப்பா? பதினாலு வருஷம். ஒரு பார்ட் மாத்தல," என்றாள் மகள். "உக்காருங்க, குடிக்க ஏதாவது எடுத்துட்டு வரேன்." அவள் சமையலறைக்குப் போனாள்.

மாமனார் எக்கி, மூடியைப் பாசமாக ஒரு தட்டுத் தட்டினார். அது அப்படியே அவர் கையோடு வந்துவிட்டது. உள்ளே, கம்பெனி ஸ்டிக்கர்கூடப் பிரிக்காத மெஷின் பளபளத்தது.

மாப்பிள்ளை, பதினாலு வருஷ மரியாதை போயே போச்சு என்று நினைத்தார்.

"மாமா, தயவு செஞ்சு அவகிட்ட சொல்லிடாதீங்க. நீங்க ஆசையா குடுத்தது, தூக்கிப் போட மனசு வரல. அதான் ஒவ்வொண்ணா..."

மாமனார் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கட்டில் மேல் ஏறி, மூடியின் இடது மூலையை உள்ளே செருகி, வலது பக்கம் ஒரு குத்து விட்டார். டேப்பே இல்லாமல் கச்சிதமாக நின்றது.

"மெதுவா பேசுங்க மாப்பிள்ளை. இது எனக்கு எங்க மாமனார் குடுத்தது. நான் உங்க தலையில கட்டினப்பவே, அதுல அவர் குடுத்தது இந்த மூடி ஒண்ணுதான்."