இருவாச்சி வீட்டுச் சுவரை இடித்த அணில்

ஒரு காட்டில் மழை பொய்த்தாலும் சுற்றறிக்கை பொய்க்காது. அப்பேர்ப்பட்ட காடு அது. அங்கே குஞ்சு குட்டிகள் நல அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அதற்குச் சமூகப் பணியாளர்களாகப் புதிதாக இரண்டு பேரை எடுத்தார்கள். ஒருத்தி சுகிர்தா என்ற மலையணில். இன்னொருவன் ஓர் ஓணான்.

பயிற்சி இரண்டு மாதம். பஞ்சு அடைத்த பொம்மைக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "உனக்கு என்ன கஷ்டம், சொல்லு கண்ணா" என்று கேட்கப் பழக்கினார்கள். பொம்மை ஒருநாளும் அழவில்லை, கடிக்கவில்லை, மடியை நனைக்கவும் இல்லை. சுகிர்தா நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினாள். ஓணான் எதைக் கேட்டாலும் தலையாட்டியே தேறிவிட்டான். ஓணானுக்குத் தலையாட்டச் சொல்லியா கொடுக்கணும்!

அதிகாரி கரடி இருவரையும் கூப்பிட்டார். "ஆளுக்கொரு குடும்பம் தர்றேன். குழந்தை பத்திரமா இருக்கான்னு பாருங்க. ஒழுங்காச் செஞ்சா வேலை நிரந்தரம். இல்லேன்னா மறுபடியும் பொம்மைதான்."

ஓணானுக்கு ஒரு மந்திக் குடும்பம். சுகிர்தாவுக்கு இருவாச்சிப் பறவைக் குடும்பம். மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். பெரிய மரம், அதில் ஒரு பொந்து. பொந்தின் வாயை மண் பூசி அடைத்திருந்தார்கள். நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு கீறல். வெளியே மருதாசலம் என்ற ஆண் இருவாச்சி உட்கார்ந்து, அந்தக் கீறல் வழியாக அத்திப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டம்மா எங்கே?" என்றாள் சுகிர்தா.

"உள்ளதானுங்க அம்மிணி."

"குஞ்சு?"

"அதும் உள்ளதானுங்க. அடைச்சு ரெண்டு மாசமாச்சு."

சுகிர்தாவுக்குப் பகீரென்றது. கீறல் வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே இருந்த அம்மாவுக்கு இறக்கைச் சிறகில் பாதியைக் காணோம்.

"ஐயோ! இது அநியாயம் இல்லையா?"

"எங்க பாட்டன் காலத்துலருந்து இதுதானுங்களே வழக்கம்" என்றார் மருதாசலம் வெள்ளந்தியாக.

சுகிர்தா படிவத்தைப் பிரித்தாள். அடைத்து வைத்திருக்கிறாரா? ஆம். சந்து வழியாகச் சாப்பாடா? ஆம். உடலில் சேதமா? ஆம். கேட்டால் வழக்கம் என்கிறாரா? ஆம். நாலு 'ஆம்' வந்தால் உடனடி மீட்பு.

அதற்குள் அம்மா வேலாத்தாள் உள்ளிருந்து கத்தினாள். "அம்மிணி, இந்தச் செவுத்தைப் பூசுனதே நாந்தான்!"

சுகிர்தாவுக்கு ஏழாவது பாடம் ஞாபகம் வந்தது: பாதிக்கப்பட்டவர் பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்வார். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்" என்று சொல்லி, பக்கத்து மரத்திலிருந்த மரங்கொத்தியைக் கூப்பிட்டாள். நாலு கொத்து. சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது.

"அடிப் பாவி மகளே!" என்று அலறினாள் வேலாத்தாள். "அடைகாக்கையில எங்களுக்குச் செறகு உதுந்து மொளைக்கும்டி. அது மொளைக்கிற வரைக்கும் மரநாய்கிட்டருந்து எம்புள்ளையைக் காப்பாத்துறது இந்தச் செவுரு ஒண்ணுதான்!"

சொல்லி வாய் மூடவில்லை, மரநாய் மோப்பம் பிடித்துக்கொண்டு அடிமரத்தில் ஏறத் தொடங்கியது. "எனக்குக் கொத்தத்தான் தெரியும், பூசத் தெரியாது" என்று மரங்கொத்தி பறந்தே போய்விட்டது.

உள்ளே குஞ்சைப் பார்த்தாள் சுகிர்தா. இறகுகூட முளைக்காத சதைப்பிண்டம், வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தது. இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன் என்று துடித்துப்போனாள். பொந்துக்குள் குதித்தாள், திரும்பினாள், தன் பின்புறத்தாலேயே வாசலை அடைத்துக்கொண்டாள். மரநாய் வாலைக் கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். மருதாசலம் மரநாயின் மண்டையில் அலகால் போட்ட போட்டில் அது கீழே விழுந்து ஓடியது. பிறகு அவர் மண் கொண்டுவர, வேலாத்தாள் திட்டிக்கொண்டே பூசினாள். சுவர் எழும்பிவிட்டது. சுகிர்தா உள்ளேயே மாட்டிக்கொண்டாள்.

"இன்னொருக்கா செவுத்துல கை வெச்சே, கொத்திப்போடுவேன்" என்றாள் வேலாத்தாள்.

நாற்பது நாள் உள்ளேயே கிடந்தாள். குஞ்சு அழுதது, கடித்தது, அவள் வால் மேலேயே எச்சம் போட்டது, பிறகு அதே வாலைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. எந்த அழுகை பசிக்கு, எது வெறும் பிடிவாதத்துக்கு என்று அவளுக்கு அத்துப்படியானது. வேலாத்தாளே பிற்பாடு, "நீ கொஞ்சம் பாத்துக்க சாமி, நான் கண்ணசர்றேன்" என்று குஞ்சை ஒப்படைக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். குஞ்சின் மேல் சுகிர்தாவுக்கு உசிராகிப் போனது. சிறகு முளைத்ததும் வேலாத்தாள் தானே சுவரை உடைத்தாள். குஞ்சு தத்தித் தத்திப் பறந்தபோது சுகிர்தா ஓவென்று அழுதுவிட்டாள்.

அழுத கண்ணோடு அலுவலகத்துக்கு ஓடினாள். "ஐயா, குஞ்சு பறந்துடுச்சு!"

"சந்தோஷம். எத்தனை தடவை போனே?" என்றார் கரடி.

"ஒரு தடவைங்க ஐயா. போனவ திரும்பவே இல்லை. கூடவே இருந்தேன்."

கரடி படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டுக்கு ஆறு தடவை போகணும்மா. கூடவே இருந்ததுக்குக் கட்டம் இல்லையே."

ஓணான் ஆறு தடவையும் போயிருந்தான். மரத்தடியில் நின்று, மேலே பார்த்துத் தலையாட்டி, 'வீட்டில் சச்சரவு ஏதுமில்லை, பூரண அமைதி' என்று ஆறு முறையும் எழுதியிருந்தான். அமைதிக்கு என்ன குறைச்சல்? மந்திக் குடும்பம் அந்த மரத்தைக் காலிசெய்து போய் மூன்று மாதமாகியிருந்தது.

ஓணானுக்கு வேலை நிரந்தரமானது. சுகிர்தாவை, குடும்பங்களோடு பழகத் தயாராகவில்லை என்று எழுதி, மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் வகுப்பு. பாடம், குடும்பத்தின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி. பொம்மையைக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்த ஆசிரியர், ஓணான்.

நீதி: கீழே நின்று தலையாட்டுகிறவனுக்கு வேலை நிரந்தரம், உள்ளே போனவளுக்கு வேலை தெரியும், அவ்வளவுதான்.