திருத்தக்காரரின் துவக்கு

கூட்டங்களில் மட்டுமே முழு உருவத்தோடு வெளிப்படுகிற ஓர் உயிரினம் உண்டு. அதற்குத் திருத்தக்காரர் என்று பெயர். மற்ற நேரங்களில் அவர் சாதாரண மனிதர்போலத்தான் இருப்பார். சோறு சாப்பிடுவார், பஸ்ஸுக்கு ஓடுவார், குளிர்காலத்தில் முழங்காலுக்கு எண்ணெய் பூசுவார். ஆனால் நாலு கதிரையைப் போட்டு, ஒரு மேசையைப் போட்டு, மேசைக்குப் பின்னால் ஒருவரை இருத்தி அவருக்கு முன்னால் ஒரு தண்ணீர்ப் போத்தலையும் வைத்துவிட்டீர்களோ, நம்மவரின் வலது கையில் இரண்டு விரல்கள் தாமாகவே நிமிர்ந்துவிடும். முழுக் கையை உயர்த்துகிறவன் எதிர்க்கிறவன். இவர் எதிர்க்க மாட்டார். சேர்ப்பார்.

“ஒரு சின்னத் திருத்தம்.”

இதைக் கேட்டதும் அனுபவசாலிகள் சப்பாத்தைத் தளர்த்திவிட்டு வசதியாகச் சாய்ந்துகொள்வார்கள். அனுபவமில்லாதவர்கள்தான் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் கோப்பை கழுவத் தொடங்கிச் சொந்தக் கடை திறந்தது வரைக்கும் இந்த ஜெர்மனி நாட்டில் நான் இருந்து எழும்பாத சங்கக் கதிரை இல்லை. மனிதரைப் படிக்கிற படிப்பில் எனக்குப் பட்டம் தருகிற தகுதி எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இல்லை. அந்த உரிமையில் சொல்கிறேன்: எர்லாங்கனிலிருந்து ஹாலே வரை நான் கண்ட திருத்தக்காரர்களில் கொட்வினுக்கு நிகர் கொட்வின்தான்.

கொட்வின் இலங்கையில் மன்னார்க்காரர். கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்தில் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. தேவாலயப் பூசையில் “மழைக்காக மன்றாடுவோம்” என்று வாசித்தபோது, பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து “அளவான” என்று சேர்த்தவர் அவர்தான். ஒரு மரண அறிவித்தலைத் திருத்தி, திருத்தியதைத் திருத்தி, கடைசியில் இறந்தவர் யார் என்று வீட்டுக்காரருக்கே சந்தேகம் வரச் செய்தவரும் அவர்தான்.

ஆனால் அவருக்கும் ஒரு மகிமை இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் தமிழர் மன்றம் நடத்தும் விளையாட்டு விழாவில், சாக்கோட்டம் தொடக்கம் தேசிக்காய் கரண்டி ஓட்டம் வரை எல்லா ஓட்டத்தையும் தொடக்கி வைப்பவர் கொட்வின். வெள்ளைத் தொப்பி போடுவார். பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஏறுவார். வெறும் சத்தம் மட்டும் போடும் சின்னக் கைத்துப்பாக்கியை, உரிய அனுமதியோடு வாங்கி வருடம் முழுதும் பூட்டி வைத்திருக்கும் அந்தப் பொருளை, வானத்தை நோக்கிப் பிடிப்பார். அந்தக் கணத்தில் மைதானமே மூச்சை அடக்கும். டொக்டரின் பிள்ளையும் கடைக்காரரின் பிள்ளையும் குனிந்து நிற்பது அவருடைய ஒரு விரலுக்காக. பாண் தொழிற்சாலையில் யாராவது அவருக்காக மூச்சை அடக்குவார்களா? அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் மற்ற நாட்களில் உயிர் வாழ்ந்தார் என்று சொன்னால் அவருடைய மனைவி பிளோறன்ஸ் மறுக்க மாட்டாள்.

பிறகு 2009 வந்தது. அந்த மார்ச் மாதம் எங்கள் மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிற இடத்தில் எவருக்கும் சிரிப்பு வராது, வரவும் கூடாது. சிரிப்பு வந்தது அதற்குப் பிறகு நடந்த பேச்சில். தொலைக்காட்சியைத் திறந்தால் துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு. பெரிய குண்டு போடுகிற கைத்துப்பாக்கியை மாநிலமே தடை செய்யட்டும் என்றார் ஒருவர். மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை, மத்திய அரசு இருக்கிற பெர்லின்தான் செய்யவேண்டும் என்றார் அடுத்தவர். நாங்கள் தடை செய்து பக்கத்து மாநிலம் செய்யாவிட்டால் என்ன பயன், ரயிலேறிப் போய்ச் சுட மாட்டார்களா என்றார் இன்னொருவர். வேட்டைக்காரரைத் தொடாதீர்கள், குறிபார்த்துச் சுடும் சங்கத்தாரைத் தொடாதீர்கள், பழைய துவக்குச் சேர்ப்பவரைத் தொடாதீர்கள் என்று தொடக்கூடாதவர்கள் பெருகிப் பெருகி, கடைசியில் தடை செய்யலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட துவக்கு ஒருவரிடமும் இல்லாத துவக்காக இருந்தது.

எங்கள் மன்றமும் சும்மா இருக்கவில்லை. தேவாலய மண்டபத்தில் கூட்டம் கூடியது. தலைவர் நித்தியானந்தன் அளந்து பேசுகிற மனிதர். தீர்மானமும் அளவானது: இறந்தவர்களுக்கு அஞ்சலி, பெரிய கைத்துப்பாக்கிகளைத் தடை செய்ய மாநில அரசு வழி காணவேண்டும். இரண்டே வசனம். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்த சனத்துக்கு இதிலே விவாதிக்க என்ன இருக்கிறது? குசினியில் கமலநாயகி அக்காவின் வடை பொரிகிற மணம் வேறு. எல்லாக் கைகளும் உயரப் போன நேரத்தில் இரண்டு விரல் உயர்ந்தது.

“ஒரு சின்னத் திருத்தம், தலைவர். எதிர்க்கேல்லை. சேர்க்கிறன். ஏன் பெரிய துவக்கை மட்டும் சொல்லுறம்? சின்னத் துவக்கால சுட்டா ஆள் சின்னனாவோ சாகும்?”

சபை சிரித்தது. நியாயம்தானே? சேர்த்தார்கள்.

சிரிப்பு என்பது திருத்தக்காரருக்குச் சாராயம். கொட்வின் கதிரையில் அமரவில்லை.

“அடுத்தது. மாநிலத்தைச் செய் எண்டு சொல்லுறதுக்கு முன்னம் நாங்கள் செய்து காட்ட வேண்டாமோ? எங்கட மன்ற நிகழ்ச்சியில எங்கட அங்கத்தவர் ஆரும் எந்தத் துவக்கையும் கையால தொடக்கூடாது. முன்மாதிரி.”

கைதட்டினார்கள். பிறகு, துவக்குப்போலத் தெரிகிற எந்தப் பொருளும் கூடாது என்று சேர்த்தார்.

“தண்ணித் துவக்குமோ அங்கிள்?” என்று கேட்டாள் செயலாளர் சுபானி. இங்கேயே பிறந்து வளர்ந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை; அவள் எழுதுகிற வேகத்துக்குத் தமிழ் ஓடிவர வேண்டும்.

“தண்ணியில தொடங்கித்தான் பிள்ளை எல்லாம் பழகிறது.”

சேர்த்தார்கள். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். குரல் தாழ்ந்தால் பெரிய திருத்தம் வருகிறது என்று அர்த்தம்.

“துவக்கில பொல்லாதது குண்டு எண்டு நினைக்கிறியள். இல்லை. சத்தம். என்ர மனிசி இண்டைக்கும் வருசப்பிறப்பு வெடிக்குக் கட்டிலுக்குக் கீழ போறவ. ஆகவே மனிசரைத் திடுக்கிட வைக்கிற எந்தச் சத்தமும் கூடாது. வெடி, பலூன், விசில், கூக்குரல், ஒண்டும் கூடாது.”

மண்டபம் உருகிவிட்டது. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பின் வரிசையில் பிளோறன்ஸ் பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள்: “நான் கட்டிலுக்குக் கீழ போனது விழுந்த காதுத் தோட்டைத் தேடி.” அது பதிவாகவில்லை.

நிறுத்தியிருக்கலாம். நல்ல மனிதர் நிறுத்தியிருப்பார். ஆனால் திருத்தக்காரருக்குத் தீர்மானம் முழுதாகத் தெரிவதே இல்லை. எந்த இடத்தில் ஒரு சொல்லைச் செருகலாம் என்பது மட்டும்தான் தெரியும். கொட்வின் கடைசியாக ஒன்றைச் செருகினார்: கையை உயர்த்தியோ விரலை நீட்டியோ துவக்குச் சுடுவதுபோலக் காட்டுகிற எந்தச் சைகையும் கூடாது.

சுபானி முழுவதையும் வாசித்தாள். இரண்டு வசனமாக மேடையேறிய தீர்மானம் பிள்ளைகுட்டியோடு இறங்கியது. ஏகமனதாக நிறைவேறியது. முதலில் உயர்ந்த கை கொட்வினுடையது. தலைவர் நித்தியானந்தனின் முகத்தில் ஒரு சிறு அசைவு தெரிந்தது. அது சிரிப்பா, வடை மணமா என்று சொல்ல ஏலாது.

கமலநாயகி அக்கா தட்டத்தோடு வந்தார். கொட்வினுக்கு முதல் வடை. அவர் ஒரு கடி கடித்ததும் அக்கா மிகச் சாதாரணமாகக் கேட்டார்.

“அப்ப கொட்வின், இந்த முறை ஓட்டத்துக்கு என்னத்தைச் சுடப்போறீர்?”

அந்த வடையை அவர் விழுங்கினாரா, இல்லையா என்பது இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் பிளோறன்ஸ் கதவைத் திறந்து, மேல்சட்டையைக் கொழுவி, கேத்திலை வைத்த பிறகுதான் பேசினாள்.

“உங்களை நீங்களே தடை செய்துபோட்டு வந்திருக்கிறியள்.”

“அது பொதுவான தடை.”

“ஓம். பொதுவாத் தடை செய்ததில இந்த ஊரில துவக்கோட இருந்த ஒரே தமிழன் நீங்கள்தான்.”

அவர் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தார். ஓட்டம் தொடக்குவதற்கு மட்டும் விலக்கு, ஒரு சின்னத் திருத்தம், ஒரு சொல் போதும் என்று கெஞ்சினார். அளந்து பேசுகிறவர் அன்றும் அளந்துதான் பேசினார்.

“ஏலாது அண்ணை. நிறைவேறின தீர்மானத்தை அடுத்த பொதுக்கூட்டம் வரைக்கும் ஆரும் தொடக்கூடாது எண்டு மன்றத்தின்ர யாப்பில விதி கிடக்கு.”

“அப்பிடி ஒரு விசர் விதியை ஆர் போட்டது?”

கேட்டு முடிக்கும் முன்னே கொட்வினுக்கு ஞாபகம் வந்துவிட்டது: அதுவும் அவருடைய சின்னத் திருத்தம்தான். போனை வைத்தார்.

கோடை வந்தது. மாநிலம் இன்னும் ஆராய்ந்துகொண்டிருந்தது. பெர்லின் யோசித்துக்கொண்டிருந்தது. வேட்டைக்காரரும் குறிபார்ப்பவரும் சேர்ப்பவரும் நிம்மதியாக இருந்தார்கள். மாநிலம் முழுவதிலும் துவக்குத் தடை முழு வீச்சில் அமலில் இருந்த ஒரே இடம் எங்கள் விளையாட்டு மைதானம்.

கொட்வினைப் பதவியிலிருந்து ஒருவரும் எடுக்கவில்லை. வெள்ளைத் தொப்பி. கவிழ்த்த பழப்பெட்டி. ஏறி நின்றார். வலது கை எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்சம் தொங்கி, பிறகு காற்சட்டைப் பைக்குள் போய்விட்டது. பிள்ளைகள் கோட்டில் குனிந்தார்கள். மைதானம் மூச்சை அடக்கியது. திடுக்கிட வைக்காத குரலில், மனுப் போடுபவர்போல, அவர் சொன்னார்:

“பிள்ளையள், வசதியெண்டால் ஓடுங்கோ.”

பக்கத்தில் நின்ற பிள்ளை ஓடியது. அடுத்தது “என்ன சொன்னவர்?” என்று ஜெர்மனில் கேட்டது. கடைசிக் கோட்டில் நின்றது குனிந்தபடியே வானத்தைப் பார்த்தது. ஓடிய பிள்ளையின் தாய் வெற்றிக் கிண்ணம் கேட்டாள். ஓடாத பிள்ளைகளின் தாய்மார் பெட்டியைச் சுற்றி வளைத்தார்கள்.

“என்ர மகளுக்குக் கேக்கேல்லை.”

“கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கோவன்.”

“உரத்துச் சொன்னாக் கூக்குரல்.”

“அப்ப கையைக் காட்டுங்கோ.”

“கையைக் காட்டினாச் சைகை.”

“அப்ப என்னதான் ஏலும்?”

கொட்வின் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். நிற்க ஏலும். அதற்குத் தடை இல்லை.

இதையெல்லாம் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் மைதானக் காவலர் ஹேர் புரூனர், அதாவது திரு புரூனர். இது ஓட்டமா, தியானமா என்று ஜெர்மனில் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் தன் கொட்டிலுக்குள் போய், மைதானத்துக்குச் சொந்தமான பழைய தொடக்கத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தார்.

தலைவர் சுபானியைப் பார்த்தார். சுபானி தீர்மானத்தைப் புரட்டிப் பார்த்தாள். “எல்லாத் தடையும் ‘அங்கத்தவர் ஆரும்’ எண்டதுக்குக் கீழதான் இருக்கு. இவர் அங்கத்தவர் இல்லையே.”

டுமீல்.

பிள்ளைகள் பறந்தார்கள். என்ன ஓட்டம். புழுதி எழும்ப, தாய்மார் கூக்குரலிட, தேநீர்ப் பந்தலில் கிழவர்கள் எழுந்து நிற்க, ஓட்டம் முடிந்ததும் கைதட்டல் கிளம்பியது. ஓடிய பிள்ளைகளுக்கு அல்ல, ஹேர் புரூனருக்கு. இத்தனை கோடை அந்தப் பெட்டியில் நின்ற கொட்வினுக்கு ஒருநாளும் விழாத கைதட்டல். சிலர் அவரோடு படம் எடுத்தார்கள். யாரோ ஒருவர், யாரென்று நான் சொல்ல மாட்டேன், ஹேர் புரூனர் ஏறி நிற்கப் பெட்டியைக் கொஞ்சம் இரவல் தரமுடியுமா என்று கொட்வினிடம் கேட்டார்.

கொட்வின் பெட்டியிலிருந்து இறங்கினார். காற்சட்டைப் பைக்குள் இருந்த வலது கை வெளியே வந்தது. இரண்டு விரல் நிமிர்ந்தது. அவருடைய கடைசித் திருத்தத்தின்படி அந்த விரல்களே தடை செய்யப்பட்டவை, ஒருவரும் கவனிக்கவில்லை.

“தலைவர், ஒரு சின்னப் பிரேரணை. இப்பிடி உதவி செய்த மனிசனை வெறுங்கையோட அனுப்புறது எங்கட பண்பாடோ? ஹேர் புரூனரை இந்த இடத்திலயே மன்றத்தின்ர கௌரவ அங்கத்தவர் ஆக்குவம்.”

மைதானம் ஆரவாரித்தது. நித்தியானந்தன் வாயைத் திறக்கும் முன்னே கமலநாயகி அக்கா பொன்னாடையோடு வந்துவிட்டார். போர்த்தினார்கள். ஹேர் புரூனருக்குக் கண் கலங்கியது. பொன்னாடையோடு அவர் அடுத்த ஓட்டத்துக்காகத் துப்பாக்கியை உயர்த்தியபோது கொட்வின் மிகுந்த மரியாதையோடு அவருடைய கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“இப்ப நீங்கள் அங்கத்தவர்.”

துப்பாக்கி கொட்டிலுக்குத் திரும்பிப் போனது. பிள்ளைகள் கோட்டில் குனிந்தபடி காத்திருந்தார்கள். முதுகு நொந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களுக்குப் பசித்தது. மெல்ல ஒவ்வொருவராகத் தேநீர்ப் பந்தலுக்கு நடந்து போனார்கள். முதலில் போய்ச் சேர்ந்த பிள்ளைக்கு நூறு மீற்றர் கிண்ணம் வழங்கப்பட்டது.

வீட்டில் கேத்தில் கொதிக்கும்வரை பிளோறன்ஸ் பொறுத்திருந்தாள்.

“ஹேர் புரூனரை என்னத்துக்கு அங்கத்தவர் ஆக்கினியள்?”

“ஒரு கௌரவம், பிளோறன்ஸ்.”

“ஆருக்கு?”

கொட்வின் தொப்பியைக் கழற்றித் தூசு தட்டி, துவக்கைப் பூட்டி வைத்த பெட்டிக்கு மேலே, அடுத்த கோடைக்காக, கவனமாக வைத்தார்.

இதுதான் திருத்தக்காரர். இவரைக் கண்டு சிரித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பீர்கள். நல்லது. ஆனால் பிள்ளைகள் கோட்டில் காத்து நின்ற இடத்தை வாசித்தபோது உங்களுக்கு ஒன்று தோன்றியது, எனக்குத் தெரியும். ஒரு துணியைக் கட்டி நிலத்தோடு அசைத்திருக்கலாமே, அதற்குச் சத்தமும் இல்லை, சைகையும் இல்லையே என்று தோன்றியது. நல்ல யோசனை. நான் எதிர்க்கவில்லை. ஆனால் இந்தக் கதையைப் பிடித்திருக்கிற கை அப்படியே இருக்கட்டும். மற்றக் கையை ஒருமுறை குனிந்து பாருங்கள். அதில் எத்தனை விரல் நிமிர்ந்திருக்கிறது?