பழைய சேலை எதிர்ப்புச் சுற்றுப்பயணம்

பள்ளத்தூர்க் கல்யாணப் பந்தியில், இலையில் பால் பணியாரம் விழுந்த அதே நொடியில் மெய்யநாதனின் மானமும் விழுந்தது. பக்கத்து இலைக்காரர், முன்பின் தெரியாத மனிதர், வாய் நிறையச் சோற்றோடு கேட்டார்:

"காரைக்குடியில பழைய சேலை யாவாரம் பாக்குறது நீங்கதானா?"

மெய்யநாதன் ரசத்துக்கு முன்பே எழுந்துவிட்டார். அறுபது வயதுவரை எந்தக் கல்யாணத்திலும் நடக்காத சம்பவம் அது. பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் 'பேங்க் மெய்யநாதன்' என்றால் குழந்தையும் வீடு காட்டும். இனிமேல் 'பழைய சேலை மெய்யநாதன்' என்று காட்டுமா? விடுவாரா அவர்? வீடு வரும்வரை ஸ்கூட்டர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்தார். சாலையில் யாரும் குறுக்கே வரவில்லை. கோபத்துக்கு அடித்த ஹாரன்.

வியாபாரம் அவருடையதே அல்ல. அவர் மனைவி நீலாயதாட்சி ஆறு மாதமாகச் செல்போனில் நடத்தும் கடை. கடைக்கு 'மறுகட்டு' என்று பெயர். கல்யாணத்துக்கு ஒரு தடவை கட்டிவிட்டு பீரோவில் போட்டு வைத்த பட்டுச் சேலைகளைப் பெண்கள் அவளிடம் கொடுத்து வைப்பார்கள். அவள் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவாள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ எவளாவது வாங்குவாள். விற்றால் பணம் சேலைக்காரிக்கு, கமிஷன் நீலாவுக்கு. விற்காவிட்டால் சேலை வந்த வழியே திரும்பிப் போகும். யார் வீட்டுச் சேலை என்பது மட்டும் ஒருநாளும் வெளியே வராது.

"ஏ நீலா! அது என்ன பேரு, மறுகட்டு? கேக்குறவன் எனக்கு ரெண்டாங் கல்யாணம்னு நெனைப்பான்!"

"ஒங்களுக்கா? யாரும் நெனைக்கமாட்டாக."

"ஊரான் உடுத்துன துணியை நம்ம வீட்டுல மடிச்சு வைக்கணுமா? நான் பேங்க் மேனேஜரா இருந்தவன்!"

"பேங்க்ல மட்டும் என்ன செஞ்சீக? ஊரான் நகையை வாங்கி வச்சீக. நான் சேலையை வாங்கி வைக்கிறேன்."

"அது நகைக்கடன்! அரசாங்க முத்திரை உண்டு! இன்னையோட கடையை மூடு!"

"சரி."

மெய்யநாதன் திடுக்கிட்டார். நீலா இவ்வளவு சீக்கிரம் 'சரி' சொல்லி அவர் கேட்டதே இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பேச இன்னும் நிறைய வைத்திருந்தார்.

"ஒங்க கௌரவத்துக்கு மிஞ்சி எனக்கென்ன யாவாரம்?" என்றாள் நீலா. "ஆனா நான் போன்ல சொன்னா யாரு நம்புவா? நீங்களே நாலு வீட்டுக்குப் போயி, ஆம்பளைகட்ட ஒங்க எதிர்ப்பைச் சொல்லிட்டு வந்துருங்க. எந்த வீட்டுல சொன்னா ஊருக்குப் பரவும்னு நான் சொல்றேன்."

"சத்தமாச் சொல்லவா?"

"தெருவே கேக்கணும்."

மறுநாள் வெள்ளை வேட்டி சட்டையில் கிளம்பினார் மெய்யநாதன். முதலில் சாத்தப்பன் வீடு. அங்கே அவர் முழங்கிய முழக்கத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்து கேட்டது. "உடுத்துன சேலையை விக்கிறது நம்ம சனங்களுக்கு அழகா? என் வீட்டுலயே நடந்தாலும் நான் எதிர்ப்பேன்!"

"சரியாச் சொன்னீகண்ணே!" என்றார் சாத்தப்பன். "எங்க வீட்டுல அந்தப் பேச்சே கெடையாது."

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது சாத்தப்பன் மனைவி சந்திரலேகா கட்டைப்பை ஒன்றோடு ஓடி வந்தாள். "பொரிவிளங்கா உருண்டைண்ணே. நீலா ஆச்சிகிட்ட குடுத்துருங்க."

அமராவதிபுதூரில் சுபலட்சுமி வீட்டிலும் முழங்கினார். அவள் வீட்டுக்காரர் எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். சுபலட்சுமி மனகோலப் பலகாரம் என்று ஒரு பை கொடுத்தாள். குன்றக்குடியில் மீனலோசனி வீட்டில் சீப்புச் சீடை. உண்மையைப் பேசினால் ஊர் எப்படி மதிக்கிறது பார் என்று மெய்யநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நெஞ்சு நிமிர இடம்தான் இல்லை. முன்னால் பைகள் முட்டிக்கொண்டு நின்றன.

திரும்பும் வழியில் பசி. ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி மனகோல டப்பாவை எடுத்தார். டப்பாவுக்குக் கீழே மாம்பழக் கலர் பட்டுச் சேலை. சீடைக்குக் கீழே மயில்கழுத்துக் கலர். உருண்டைக்குக் கீழே அரக்கு. எல்லாவற்றிலும் அந்துருண்டை வாசம்.

மெய்யநாதனுக்கு ரத்தம் தலைக்கேறியது. தன் வாயால் எதிர்த்துவிட்டு தன் கையாலேயே சுமந்து வந்திருக்கிறார்! அயோக்கியத்தனம்! பச்சை மோசடி! நேரே சாத்தப்பன் வீட்டுக்கு விட்டார் வண்டியை.

"என்னண்ணே, திரும்ப வந்துட்டீக?"

"சாத்தப்பா! ஒன் வீட்டுல என்ன நடக்குதுன்னு..." என்று ஆரம்பித்தவர் நிமிர்ந்தார். சாத்தப்பனுக்குப் பின்னால், கதவோரம், சந்திரலேகா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர். வாடிக்கையாளர் ரகசியத்தை முப்பது வருஷம் காத்த நாக்கு மெய்யநாதனுடையது. அது இப்போதும் தானாகவே மடங்கிக்கொண்டது.

"...உருண்டை. உருண்டை பிரமாதம். அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அதுக்காகவா இங்குட்டு வந்தீக! ஏ சந்திரா, அண்ணனுக்கு இன்னொரு பை போடு!"

போட்டாள். இந்தப் பை முதல் பையைவிடக் கனமாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் பைகளைக் கூடத்தில் வீசினார். "இது திட்டம் போட்டுச் செஞ்ச சதி!"

"பட்டைத் தூக்கிப் போடாதீக, சரிகை ஒடஞ்சிரும்." நீலா ஒவ்வொரு சேலையாகப் பிரித்துப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "பாவம், மூணு மாசமா குடுக்க வழியில்லாமத் தவிச்சாளுக. கையில பையோட ஒருத்தி நம்ம வாசலுக்கு வந்தா தெருவே எட்டிப் பாக்குது. ஆள் விட்டு வாங்கினா அவன் ஊரெல்லாம் சொல்றான்."

"அதுக்கு நானா கெடச்சேன்?"

"ஒங்க பைக்குள்ள சேலை இருக்கும்னு எவன் நெனைப்பான்? நீங்கதான எதிர்க்கட்சி!"

"இனிமே எவன் வீட்டுக்கும் போகமாட்டேன்! ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன்! வாயையே தெறக்கமாட்டேன்!"

நீலா முதன்முறையாகப் பதறினாள். "அப்படிச் சொல்லாதீக. நீங்க திட்டுறதை நிறுத்திட்டா யாவாரம் படுத்துரும்."

மெய்யநாதன் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். பேசினால் வியாபாரம் நடக்கிறது. பேசாவிட்டால் ஊர், மெய்யநாதனும் உடந்தை என்று சொல்லும். இரண்டு பக்கமும் வழியை அடைத்துவிட்டு இவள் சரிகையைத் தடவிக்கொண்டிருக்கிறாள். என்ன அக்கிரமம் இது!

செல்போன் அடித்தது. சாத்தப்பன். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"அண்ணே, பக்கத்துல யாரும் இருக்காகளா?"

"இல்ல, சொல்லு." நீலா காதை ஒட்டி நின்றாள்.

"காலையில நீங்க பேசுனது ரொம்பச் சரி. மாத்துக் கருத்தே இல்ல. ஒரு சின்ன விசயம். மக ரிசப்சனுக்குத் தச்ச கோட்டு சூட்டு ஒண்ணு சும்மா கெடக்கு. ஆச்சி ஆம்பளை உருப்படி எடுப்பாகளா? சந்திராவுக்குத் தெரிய வேணாம், மானத்தை வாங்கிருவா. நீங்க நாளைக்கு மறுபடியும் இங்குட்டுத் திட்ட வந்தீகன்னா அப்படியே வண்டியில வச்சிருவேன். எத்தனை மணிக்கு வாரீகண்ணே?"

மெய்யநாதன் பற்களைக் கடித்தார். கண்ணை மூடினார். திறந்தபோது எதிரே நீலா இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பத்து மணிக்குத் திட்ட வாரேன்" என்றார்.