டில்லியைத் தாங்கிக்கொண்டவர்

போரை ஆரம்பிக்கிறவர்களைப் பற்றிச் சரித்திரப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். முடித்து வைக்கிறவர்களைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. தூதர்களையும் தளபதிகளையும் சொல்லவில்லை. காலையில் பேப்பரை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய், பதினொரு மணி டீ ஆறுவதற்குள் எப்பேர்ப்பட்ட யுத்தத்தையும் ஒரே ஒரு அணுகுண்டில் முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சீட்டுக்குத் திரும்புகிறார்களே, அந்த இனத்தைச் சொல்கிறேன். ஆபீசுக்கு ஒருவர், தெருவுக்கு ஒருவர், கல்யாணப் பந்தலில் அரை டஜன் பேர். உங்களுக்குத் தெரியாதவர்களா?

அடையாளம் எளிது. "நானும் யுத்தத்துக்கு எதிரிதான், ஆனா..." என்று ஆரம்பிப்பார்கள். எறும்பை மிதிக்க மாட்டார்கள். ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தினால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். நகரங்கள் என்றால் மட்டும் கை நடுங்காது.

திருவனந்தபுரத்தில் இந்த இனத்தின் முதல்தர மாதிரி வெங்கடசுப்ரமணியன். வீடு ஸ்ரீவராகத்தில். வேலை, ஓர் அரசாங்க அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் சூப்பிரண்டு. இரண்டாயிரத்து இரண்டு கோடையில் பாகிஸ்தான் எல்லையின் இரண்டு பக்கமும் படைகள் முறைத்துக்கொண்டு நின்றபோது, அவருடைய தலைமையகம் அலுவலகக் கேன்டீனின் ஜன்னலோர மேஜையில் இயங்கியது. பருப்புவடை நம் படை. சட்னிக் கிண்ணம் எல்லை. அதற்கு அப்பால் பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜி, எதிரியின் பெரிய ஊர். பக்கத்து சீட்டுக்காரர் தாசையன், மார்த்தாண்டத்துக்காரர், பசியோடு கையை நீட்டினால், "இரும் ஓய், இன்னும் போடலை!" என்று தடுப்பார்.

"போட்டுத்தான் ஆவணுமாக்கும்?" என்பார் தாசையன்.

"யோசிச்சுப் பாரும். யுத்தம் வருஷக்கணக்கா இழுத்தா எத்தனை லட்சம் பேர் போவான்? ரெண்டு பக்கமும் சேர்த்து? ஒண்ணைப் போட்டா அன்னிக்கே முடிஞ்சுது. இதைக் கொலைன்னு சொல்லப்படாது ஓய். சிக்கனம்!"

"ஊருக்குள்ள கெடக்குத சனங்க என்ன பாவம் செஞ்சினும்?"

"பாவம்தான். யார் இல்லேன்னா? ஆனா மொத்தத்தைப் பார்க்கணும்."

"செரி, அவனும் திருப்பி ஒண்ணு போட்டா?"

"போடுவான். வடக்கே ஒரு ஊர் போகும். தாங்கிக்கலாம்."

தாங்கிக்கலாம்! யாரோ ஒரு குமாஸ்தாவின் பயணப்படி பில்லில் ஆட்டோச் செலவை அடிப்பது போல அவ்வளவு இலேசாகச் சொல்வார். சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார். கேன்டீனில் இருந்தவர்களுக்கும் ஏதோ பெரிய காரியம் நடந்து முடிந்த நிம்மதி உண்டாகும்.

ஒரு நாள் தாசையன் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். வெளிநாட்டுத் தூதரகங்கள் தங்கள் ஆட்களை டில்லியை விட்டுக் கிளம்பச் சொல்கின்றனவாம். படித்துவிட்டு, மனதில் ஒரு கள்ளமும் இல்லாமல் கேட்டார்: "சாரே, நம்ம சுப்ரியா மோளு டில்லியிலல்லியா?"

வெங்கடசுப்ரமணியன் பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தார்.

ஒரே மகள் இருக்கிற ஊரை ஒருவர் மறப்பாரா என்று கேட்காதீர்கள். அவர் மறக்கவில்லை. மகள் அவர் மனதில் ஓர் அறையில் இருந்தாள். குண்டு வேறோர் அறையில் இருந்தது. நடுவில் இருந்த கதவை யாரும் திறந்ததில்லை, அவ்வளவுதான். இப்போது திறந்தது. 'வடக்கே ஒரு ஊர்' என்பதற்குள் மயூர் விகார் இருந்தது. அதில் ஒரு மூன்றாம் மாடி இருந்தது. அங்கே பால்கனியில் ஏழு மாத வயிற்றோடு சுப்ரியா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எஸ்டிடி பூத்துக்கு ஓடினார்.

"என்னப்பா, ஆபீஸ் நேரத்துல?"

"ஒண்ணுமில்லே. நீ பொறப்பட்டு வந்துடு."

"விளையாடறேளா? ரெண்டு ராத்திரி ரயில்ல, இந்த வெயில்ல போகவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சே."

"ஃப்ளைட்ல வா. நான் பணம் அனுப்பறேன்."

"கைலாஷுக்கு லீவே கிடையாதுப்பா."

"அவன் இருக்கட்டும். நீ வந்தாப் போறும்."

மீட்டர் அடுத்த ரூபாய்க்குத் தாவியது.

"அவர் இருக்கட்டுமா?" என்றாள் சுப்ரியா. கார்கில் சண்டையின்போது தினமும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அப்பாவின் யுத்தத்தைக் கேட்டுச் சலித்தவள். "என் ஆத்துக்காரரைத் தாங்கிக்கலாமாப்பா?"

"சேச்சே, என்ன பேச்சு இது! அவனையும் கூட்டிண்டு வா."

"கீழ்வீட்டு கௌர் ஆன்ட்டி? எனக்குத் தினம் ரொட்டி பண்ணி அனுப்பறதே அவாதான்."

"கூட்டிண்டு வா."

"அவா மாமியார் படுத்த படுக்கை."

கொஞ்சம் யோசித்து, "வரட்டும்" என்றார்.

"என் டாக்டருக்கு ரெண்டு கொழந்தைகள். இஸ்திரிக்காரன் குடும்பம் மாடிப்படிக்கு அடியில இருக்கு. நம்மாத்துல மொத்தம் ரெண்டு ரூம்தானேப்பா?"

அவள் சிரித்துவிட்டாள். இந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை என்று தெரிந்ததும் அவள் குரல் மாறியது. "அப்பா... அழறேளா?"

"தூசி" என்றார் வெங்கடசுப்ரமணியன், கண்ணாடி அடைத்த பூத்துக்குள் நின்றுகொண்டு.

அன்று வீட்டில் விஜயலக்ஷ்மியிடம் எல்லாவற்றையும் சொன்னார். டில்லியில் பாதியைத் தான் அழைத்துவிட்டதையும் மறைக்கவில்லை. "எத்தனை பேருக்குச் சாதம் வடிக்கணும்னு முன்னாடியே சொல்லிடுங்கோ" என்றாள் அவள். பிறகு அரிசி டப்பாவின் மேல் கையை வைத்தபடியே நின்று, "வேடிக்கை போறும். கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டாள்.

எல்லா யுத்தங்களின் முடிவையும் அறிந்தவர் எழுந்துபோய் ரேடியோவில் செய்தியைத் தேடினார்.

சுப்ரியா வரவில்லை. டாக்டர் விடவில்லை, அவளும் விட்டுவிட்டு வருவதாக இல்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களில் வெங்கடசுப்ரமணியனுக்கு ஒரு புது பயம் பிடித்தது. எல்லைக்கு அந்தப் பக்கமும் அரசாங்க ஆபீஸ்கள் இருக்கும். அவற்றில் கேன்டீன்கள் இருக்கும். அங்கே மூக்குக் கண்ணாடியும் மடித்த பேப்பருமாக ஒருவர் சமோசாவைத் தட்டில் வைத்து, "இது டில்லி" என்று காட்டிக்கொண்டிருப்பார். எறும்பை மிதிக்காத மனிதர்தான். கணக்கில் புலிதான். அந்த மனிதரைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் அவருக்கு வியர்த்ததற்குக் காரணம். அவரைக் கெஞ்சிக் கேட்கலாம் என்றால் என்ன சொல்லிக் கேட்பது? எல்லா வாதங்களையும் அவரே ஏற்கெனவே வென்றிருக்கிறாரே!

நல்லவேளையாக மேலிடங்களில் யார் யாரோ பேசினார்கள். முறைத்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையைத் தாழ்த்தினார்கள். சுப்ரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்க்க டில்லிக்குப் போனவரை கௌர் ஆன்ட்டி உட்கார்த்தி வைத்து, போதும் போதும் என்று கையால் மறைக்க மறைக்க நெய் ரொட்டி போட்டாள். படுத்த படுக்கையாய் இருந்த மாமியார், மொழி தெரியாவிட்டாலும் அவர் தலையில் கை வைத்து ஏதோ வாழ்த்தினாள்.

திரும்பி வந்து கேன்டீனில் அவரே எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தார். "யுத்தம் முடிஞ்சுது ஓய். நான்தான் சரணடைஞ்சேன். எஸ்டிடி பூத்துல." தாசையன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அதுவரைக்கும் கதை நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் மறு வருஷம் ஈராக்கில் யுத்தம் வந்தது. நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு நாக்கு அரித்தது. "நானும் யுத்தத்துக்கு எதிரிதான், ஆனா அந்தப் பக்கமா ஒண்ணைப் போட்டா..."

"எனக்க மச்சினன் குவைத்திலயாக்கும், வே" என்றார் தாசையன்.

டைப்பிஸ்ட் அம்மாளின் கணவர் பஹ்ரைனில். டீ போடுகிறவனுக்கு அண்ணன்மார் மூன்று பேரும் சவூதியில், தம்மாமில். திருவனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தத் திசையில் ஒரு ஊசிவெடிகூடப் போட முடியாது! வெங்கடசுப்ரமணியன் அசடு வழியச் சிரித்து, "அப்ப வேண்டாம்" என்று வாபஸ் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து எந்த யுத்தத்தை முடிப்பதற்கு முன்னாலும், "அங்கே நம்மவா யாராவது இருக்காளா?" என்று ஒரு சுற்று விசாரித்துக்கொள்கிறார். இல்லை என்று தெரிந்தால் மேலே பேசுகிறார். இதைத் திருந்தியது என்று சொல்லலாமா, தெரியவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களுக்கு நல்ல மனசு. சுப்ரியாவுக்காகப் பதறினீர்கள், குழந்தை பிறந்ததும் பெருமூச்சு விட்டீர்கள். அது சரி, எல்லைக்கு அப்பால் அவர் தினமும் பதினொரு மணிக்குக் குண்டு போட்டாரே ஒரு பெரிய ஊர், அங்கே மூன்றாம் மாடியில் யார் இருந்தார்கள் என்று இவ்வளவு நேரத்தில் ஒரு தடவையாவது கேட்டீர்களா?

வெட்கப்பட வேண்டாம். எழுதிக்கொண்டிருந்த எனக்கே இந்தக் கடைசிப் பத்தியில்தான் ஞாபகம் வந்தது.